நிழலுடன் மாங்காய், வயது பன்னிரண்டு

வெண்கல்மேடு எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குச் சித்திரகலை வந்து சேர்ந்தது 1957 ஐப்பசியில். கம்பளியும் மண்ணெண்ணெயும் கருவாடும் வருகிற அதே லாரியில், பள்ளிவாசல் என்ற ஊர் வழியாக, மழைக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வந்தது. ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் ஒரு சிமெண்டு மாங்காய். மாங்காய்க்கு அடியில் நாற்பத்திரண்டு பக்கத்துக்கு ஒரு சர்க்குலர்.

அந்த உயரத்தில் மாமரம் கிடையாது. பிள்ளைகள் பெட்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். "சார், இது என்ன கெழங்கு?" என்று ஒருவன் கேட்டான்.

"கெழங்கு இல்லீடா, மாங்காய்" என்றார் அர்த்தநாரி வாத்தியார்.

"திங்கலாமா சார்?"

அர்த்தநாரி சர்க்குலரைப் புரட்டிப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அவர் நல்லேப்பிள்ளி என்ற ஊர்க்காரர். நெல் விளைகிற சமவெளியிலிருந்து இந்தக் குளிருக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு அவர் ஒருவர்தான் வாத்தியார். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் ஐந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். எப்போதோ சித்திரப் பரீட்சையில் லோயர் கிரேடு தேறியிருந்தார் என்பது கல்வி இலாகாவின் கண்ணில் பட்டு, சித்திர ஆசிரியர் என்ற கூடுதல் பொறுப்பும் அவர் தலையில் வந்து விழுந்தது. சம்பளம் கூடவில்லை. வேலையும் நிரந்தரமாகவில்லை. மாதாமாதம் அவருடைய உத்தியோகம் புதிதாகப் பிறந்து, மாதக் கடைசியில் செத்தது.

சர்க்குலரின் பெயர் 'சித்திரகலா வயதுக்கிரமப் பாடத்திட்டம்'. ஒவ்வொரு வயதுக்கும் ஒரு படம் உண்டு என்று மேலே யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை நிற்கும் கோடு போட வேண்டும். ஏழு வயதுக்குப் படுத்த கோடு. எட்டுக்குச் சாய்ந்த கோடு. ஒன்பதுக்கு வட்டம். பத்துக்குக் குடம். பதினொன்றுக்கு நிழல் இல்லாத மாங்காய். பன்னிரண்டுக்கு நிழலுடன் மாங்காய். பன்னிரண்டுக்கு மேல் மனிதனுக்குப் படம் தேவையில்லை என்று இலாகா கருதியதுபோல், பாடத்திட்டம் அங்கேயே நின்றுவிட்டது. நிழல் இடது பக்கம் விழ வேண்டும் என்று பதினேழாம் பக்கத்தில் சொல்லியிருந்தது. மூடுபனியில் வெண்கல்மேட்டில் ஆனி முதல் கார்த்திகை வரை எதற்கும் நிழல் விழுவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் நிழல் விழுந்ததாகப் பாவிக்கலாம் என்று முப்பதாம் பக்கத்தில் அனுமதி இருந்தது.

அர்த்தநாரி பிள்ளைகளை வகுப்புவாரியாகக் கலைத்து வயதுவாரியாக உட்கார வைத்தார். ஏழு வயதுக்காரன் ஒருவன் முதல் நாளே வட்டம் போட்டுவிட்டான். வயது மீறல் என்று அதற்குப் பெயர். மீறல்களுக்கு விளக்கம் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. "படுத்த கோடுதான் போட முயன்றான், இரு முனைகளும் தற்செயலாகச் சந்தித்துவிட்டன" என்று அர்த்தநாரி எழுதினார். எழுதும்போது சிரிப்பு வரவில்லை. முதல் வருடமாக இருந்தால் வந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்து, பாடத்திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சித்திரப் பரிசோதகர் வந்தார். பெயர் பங்கஜாட்சன். தலையில் கம்பளித் தொப்பி, கழுத்தில் மப்ளர், கையில் ஓர் அடிக்கோல். எஸ்டேட் பங்களாவில் மூன்று நாள் தங்கினார். பள்ளிக்கூடத்துக்குள் வந்ததும் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே வணக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

"நான் குட்டிகளுடைய முகம் நோக்கறதில்லை" என்று அர்த்தநாரியிடம் விளக்கினார். "முகம் நோக்கினால் பட்சபாதம் வரும். சிலேட்டு மட்டும்தான் நோக்குவேன். மனசிலாயோ?"

"ஆச்சுங்க."

"வாத்தியாரே, இந்த எஸ்டேட்டுக் குட்டிகளுக்கு ஜனனப் பதிவு உண்டா?"

"இல்லீங்க. அம்மாமாருங்க சொல்றதெ வெச்சுத்தானுங்க எழுதியிருக்குது."

பங்கஜாட்சன் அடிக்கோலை மேசைமேல் வைத்தார். அவர் பேசத் தொடங்குவதற்கு அதுதான் அடையாளம்.

"வயசு என்றால் என்ன? தேதியா? தேதி பொய் சொல்லும். அம்மா பொய் சொல்லும். கை பொய் சொல்லாது. எட்டு வயசுக் கைக்குச் சாய்ந்த கோடுதான் வரும். வேறு வந்தால் அது எட்டு வயசு அல்ல. இந்தத் தத்துவம் எனக்கு எங்கனெ கிடைத்தது? இருபத்திரண்டு வருஷம் சர்வீசில் முப்பத்தொன்று சர்க்குலர் நான் தன்னே எழுதியிருக்கிறேன். ஒரு படம் கூடப் போட்டதில்லை. படம் போடுகிறவனுக்குப் படத்தின்மேல் ஆசை வரும். ஆசை வந்தால் பரிசோதனை கெட்டுப்போகும். நான் சுத்தமானவன். ஆகையால் இனி ஜனனப் பதிவு இல்லாத குட்டிகளுக்குச் சித்திர வயதுதான் வயது. நகல் எஸ்டேட் ஆபீசுக்கும் போகும்."

அர்த்தநாரிக்கு ஏதோ கேட்க வேண்டும்போல் இருந்தது. என்ன என்று யோசிப்பதற்குள் பரிசோதனை ஆரம்பமாகிவிட்டது.

எட்டு வயது வரிசையில் ஐந்தாவதாக, கடைசியில் இருந்தவள் சந்தனம். தேயிலைக் கொழுந்து எடுக்கும் அழகுத்தாயின் மகள். சாய்ந்த கோடு போடச் சொன்னதும் போட்டுவிட்டாள். ஒரு கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்? சிலேட்டில் மீதி இடம் சும்மா கிடந்தது. எதிரே மேசைமேல் மாங்காய் இருந்தது. பரிசோதகர் வரிசையின் கடைசிக்கு வந்து சேர்ந்தபோது சிலேட்டில் மாங்காயும் இருந்தது. முப்பதாம் பக்கத்து அனுமதிப்படி பாவித்த நிழலும் அதற்கு இருந்தது. லாரியில் அடிபட்டு மாங்காயின் அடியில் விழுந்திருந்த விரிசலும் இருந்தது. விரிசலுக்குள் உட்கார்ந்திருந்த எறும்புகூட இருந்தது.

பங்கஜாட்சன் சிலேட்டைக் கையில் எடுத்தார். சிலேட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"நிழல் இடது பக்கம். சரி. விரிசல் எந்த வயசிலும் இல்லையே?"

"அங்கன இருக்குல்லா சார்" என்றாள் சந்தனம்.

"எறும்பும் பாடத்திட்டத்தில் இல்லை. அதைத் தள்ளுபடி செய்யலாம்." அவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். "பன்னிரண்டு. குறைந்தபட்சம்."

"அய்யா, அதுக்கு எட்டுத்தானுங்க" என்றார் அர்த்தநாரி. "நானே ரிஜிஸ்தர்ல சேத்தேனுங்க. அப்ப பல்லு விழுந்துட்டிருந்துச்சுங்க."

"பல் பற்றித் தனி இலாகா உண்டு. நீர் சாட்சியாக ஒப்பு இடும்."

அர்த்தநாரி பேனாவை வாங்கினார். மாதக் கடைசிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. ஒப்பு வைத்தார். குளிரில் விரல் மரத்திருந்ததால் தன் கையெழுத்து வேறு யாருடையதோ போல் இருந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் தோன்றவில்லை.

பாடத்திட்டத்தில் பன்னிரண்டு வயதுக்குப் படம் இருந்தது, எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அந்த வயதுக்கு இடமில்லை. பள்ளிக்கூடத்திலும் இல்லாமல், பேர் பதிந்து மலை வேலைக்கும் போகாமல் இருக்கிற பன்னிரண்டு வயதுக்காரர் எஸ்டேட்டுக்கு வெளியாள். வெளியாளுக்குத் தொழிலாளர் லயத்து வீட்டில் படுக்க உரிமையில்லை. கொழுந்து தளதளவென்று கிளம்பி, பறிக்க ஆள் போதாமல் இருந்த நேரம். மறுநாள் காலையிலேயே சந்தனத்தின் பேர் எஸ்டேட்டின் ஆள் பதிவேடான செக்ரோலில் ஏறிவிட்டது. சின்ன ஆள், அரைப் பேர், அரைச் சம்பளம். எஸ்டேட் ஒரு காரியத்தை ஒரே நாளில் முடித்ததை அர்த்தநாரி அன்றுதான் பார்த்தார்.

அழகுத்தாய் கூடையோடேயே ஆபீசுக்குப் போனாள். அர்த்தநாரியையும் கையோடு கூட்டிப்போனாள். அங்கே கிளார்க்கு அப்துல் சமது இருந்தார். பாலக்காட்டுப் பக்கம் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். கடையில் உட்காரப் பிடிக்காமல் மலைக்கு வந்து, இங்கேயும் உட்கார்ந்திருந்தார்.

"அய்யா, எங்கழுத்துல தாலி ஏறி ஒம்பது வருசந்தான் ஆவுது. எம்மவளுக்குப் பன்னெண்டுன்னா மீதி மூணு வருசம் அவ எங்கன கெடந்தா? எம்மானம் என்னத்துக்கு ஆவும்?"

சமதுவுக்கு அது நியாயமாகவே பட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை. பதிவேட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் எதுவும் இருக்கக்கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை.

"கோவிச்சுக்காதம்மிணி. கடுதாசியில பன்னெண்டுன்னு வந்துருக்குது. அதெ நாம மாத்த முடியாது. ஆனா கலியாணத் தேதி நம்ம ஆபீசுல இருக்குதல்ல? அதெ நாலு வருசம் முன்னால தள்ளிப் போட்டுர்றேன். பதிமூணு வருசம் முந்தி கலியாணம், பன்னெண்டு வருசம் முந்தி புள்ளெ. உம்மானத்துக்கு ஒரு கொறையும் வராது."

"அப்ப நான் அவுகளப் பாத்ததே இல்லியே!"

"பாக்காம கட்டுனவங்க எத்தனையோ பேரு."

சமது கலியாணத் தேதியை மாற்றினார். மாற்றிவிட்டு மை காய ஊதியவர், ஊதுவதைப் பாதியில் நிறுத்தினார். அழகுத்தாய்க்கு எஸ்டேட் கணக்கில் வயது இருபத்தைந்து. பதிமூன்று வருடம் முன்னால் அவளுக்குப் பன்னிரண்டு.

"வாத்தியாரே, இது குத்தமாச்சே" என்றார். "பன்னெண்டு வயசுப் புள்ளெக்குக் கலியாணம் பண்ணுனா புருசன ஜெயிலுக்கல்ல கொண்டு போவாங்க."

"நீங்க இப்பத்தானுங்க பண்ணி வெச்சீங்க" என்றார் அர்த்தநாரி.

"அதெல்லாம் செரி. இந்தம்மிணிக்கு இருபத்தஞ்சுன்னு யாரு சொன்னது? வந்தன்னிக்கு டாக்டரு ஒரு பார்வை பாத்துச் சொன்னது. ஜனனப் பதிவு இல்லை. பரிசோதகரு பங்களாவுலதானே இருக்காரு? ஒரு எட்டுப் போயி வயசெ ஏத்தி வாங்கிட்டு வந்துரலாம். இருபத்தெட்டு கெடைச்சாப் போதும், எல்லாம் ஒட்டிக்கும்."

மூவரும் பங்களாவுக்குப் போனார்கள். பங்கஜாட்சன் வராந்தாவில் கால்மேல் கம்பளி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டார். பெரியவர்களுக்கும் சித்திர வயது பொருந்துமா என்று சமது கேட்டதும் அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. முப்பத்திரண்டாவது சர்க்குலர் அவருக்கு அந்த நிமிஷத்தில்தான் தோன்றியிருக்க வேண்டும்.

"சிலேட்டு கொண்டு வரட்டும்" என்று சொல்லி முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அழகுத்தாய் சிலேட்டை வாங்கி மடியில் வைத்தாள். குச்சியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அர்த்தநாரியைப் பார்த்தாள். அவள் விரல்கள் கொழுந்தின் கறையேறிக் கறுத்திருந்தன. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி எடுக்கிற விரல்கள். குச்சிமேல் அவை ஒன்றும் செய்யாமல் நின்றன.

"என்ன போடணும் சார்?"

"உனக்கு வர்றதெப் போடு அம்மிணி."

வெகு நேரம் கழித்து மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டாள். அது நடுவில் கொஞ்சம் நடுங்கியது.

பங்கஜாட்சன் சிலேட்டைப் பார்த்தார். "நிற்கும் கோடு. ஆறு."

"அய்யா?" என்றார் சமது.

"ஆறு வயசு."

"அய்யா, இந்தம்மிணிக்கு வீட்டுக்காரரு இருக்காருங்க. மகளுக்குப் பன்னெண்டுங்க. நீங்களே கொடுத்ததுங்க."

"அப்படியோ? இரண்டு சர்ட்டிபிகேட்டும் சரிதன்னெ. கலியாணமும் பிரசவமும் சித்திரகலையின் வரம்பில் வராது. அதற்கு வேறு ஆபீசு நோக்கணும்." அவர் டீயைக் குடித்து முடித்தார். "வாத்தியாரே, சாட்சி ஒப்பு."

ஒரு தடவை வைத்தவனுக்கு இரண்டாம் தடவை அவ்வளவு கஷ்டமில்லை.

பன்னிரண்டுக்குக் கீழே உள்ளவர்களை மலையில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. நல்ல சட்டம். அன்று மாலையே அதன்படி அழகுத்தாயின் பேரைச் செக்ரோலிலிருந்து அடித்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வராவிட்டால் தகப்பன் பொறுப்பு என்று இன்னொரு சட்டம் இருந்தது. அழகுத்தாயின் அப்பன் செத்துப் பத்து வருடம் ஆகியிருந்ததால், அந்தப் பொறுப்பை அவள் புருஷன் சுடலைமேல் போட்டார்கள். கட்டின பெண்டாட்டிக்குப் பாதுகாவலராகச் சுடலை கைநாட்டு வைத்தான்.

லயத்தில் அன்று சிரிப்பு ஓயவில்லை. "ஏலா அழகு, பால் குடிச்சியா? பல்லு முளைச்சுட்டுதா?" என்று பக்கத்து வீட்டு மாரித்தாய் கேட்டாள்.

"மொளச்சிருக்கு. வா, கடிச்சுக் காட்டுதேன்" என்றாள் அழகுத்தாய்.

சுடலை மட்டும் வாசலில் உட்கார்ந்து பீடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆறு வயசுப் புள்ளகிட்ட எப்படிச் சண்டை போட? சோறு பொங்கலியான்னு கேக்கக்கூட வாய் வரல" என்றான்.

மறுநாள் காலை சந்தனம், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போனாள். அம்மாவின் கூடையை முதுகில் மாட்டியபோது அதன் அடி அவள் முழங்காலின் பின்பக்கம் இடித்தது. தேயிலைச் செடி அவள் தாடைக்கு வந்தது. கொழுந்து எடுக்க வேண்டுமானால் கையைத் தலைக்கு மேலே தூக்கி, செடிமேல் கவிழ்ந்து படுக்க வேண்டும். கங்காணி சங்கையா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஏ புள்ள, செடி தெரியுதா ஒனக்கு?" என்றார். "இலை தெரியுது" என்றாள் அவள். சாயங்காலம் காலிலிருந்து பதினான்கு அட்டையைச் சுடலை பிடுங்கிப் போட்டான். பதினைந்தாவது கழுத்தில் இருந்தது.

அதே நாள் அழகுத்தாய் ஆறு வயது வரிசையில், சாக்குமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பத்து மணிக்கெல்லாம் சிரிப்பு அலுத்துப் போயிற்று. பதினோரு மணிக்கு ஒரு சின்னப் பையன் அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டான். அவள் நாள் முழுக்க நிற்கும் கோடு போட்டாள். ஜன்னல் வழியாக, சந்தனம் கொழுந்து எடுக்கிற எட்டாம் நம்பர் மலை தெரிந்தது. அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போட்டதால் ஒரு கோடும் நேராக வரவில்லை.

"சார், இதுல நான் எப்பப் பன்னெண்டு ஆவேன்?"

"வருசத்துக்கு ஒரு வயசுதானுங்க ஏறும்" என்றார் அர்த்தநாரி. அவளை 'நீ' என்பதா 'நீங்க' என்பதா என்று அவருக்கு அன்றைக்குக் குழம்பிவிட்டது.

"ஆறு வருசமா?"

"சர்க்குலர்ல அப்படித்தான் போட்டிருக்குது."

"அதுக்குள்ள எம்மவ முதுகு வளஞ்சிரும் சார்."

அர்த்தநாரி மேல்முறையீட்டுக்கு வழி உண்டா என்று அன்று முழுவதும் சர்க்குலரைப் படித்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. வயதில் குறையிருந்தால், கூட்டித்தர விண்ணப்பிக்கலாம். குறைத்துத்தர ஏற்பாடில்லை, கை கற்றதை மறக்காது என்பதால். தாயைத் திரும்ப மலைக்கு அனுப்பலாம், மகளை மலையிலிருந்து கொண்டுவர முடியாது.

அதற்கு மறுநாள் காலை வருகைப் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஆறு வயது வரிசையில் கடைசி.

"அழகுத்தாய்."

"உள்ளேன் சார்."

சின்னக் குரல். அர்த்தநாரி நிமிர்ந்து பார்த்தார். சாக்குமேல் சந்தனம் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தது. வாசலுக்கு வெளியே, கூடையோடு அவள் அம்மா நின்றிருந்தாள். பிரட்டுக்களத்தில் சந்தனம் என்ற பேருக்கு உள்ளேன் சொல்லிவிட்டு நேரே வந்திருக்கிறாள்.

"சார், நீங்க பேரக் கூப்பிடுங்க. எந்த வாயி பதில் சொல்லுதோ அதுக்குக் குறி போடுங்க. வேற ஒண்ணும் உங்களக் கேக்கல."

"கங்காணி என்ன சொன்னாருங்க?"

"அவருக்குக் கூடை நெறஞ்சாப் போதும். சின்ன ஆளு நல்லாத்தான் எடுக்குதுன்னாரு." அவள் சிரிக்கவில்லை. "அரைச் சம்பளந்தான். பரவால்ல. முழுசாக் கஞ்சி வச்ச எடத்துல அரையாக் கஞ்சி வச்சுக்கிடுதோம்."

அர்த்தநாரி குறி போட்டார். இரண்டு பொய்யான ஒப்பு வைத்த கை அது. மூன்றாவதுதான் முதன்முதலாகச் சரியாக இருந்தது. ஆனால் அதைப் பற்றிச் சந்தோஷப்படும் பழக்கம் அவருக்கு விட்டுப் போயிருந்தது.

சமதுவுக்கு ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்தது. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் யோசித்தார். "ஏனுங்க வாத்தியாரே, செக்ரோல்ல ஒரு பேரு, மலையில ஒரு ஆளு. ஸ்கூல்ல ஒரு பேரு, அங்கெ ஒரு ஆளு. எல்லாம் ஒட்டுதுங்க" என்றார். இவ்வளவு நன்றாக ஒட்டி எந்தப் பக்கத்தையும் அவர் பார்த்ததில்லை.

ஒரே ஒரு இடைஞ்சல்தான். சந்தனம் இப்போது ஆறு வயது. நிற்கும் கோட்டைத் தவிர எதுவும் போடக்கூடாது. எதையாவது போட்டு வயது ஏறிவிட்டால் அடுத்த தடவை மாற்றிக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. அர்த்தநாரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னார். வாழ்க்கையில் ஒரு பிள்ளையைப் பார்த்து, தெரிந்ததைச் செய்யாதே என்று அவர் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

"மாங்காய் வேண்டாம் சாமி. குடம் வேண்டாம். எறும்பு வேண்டவே வேண்டாம்."

"சரி சார்."

"வட்டங்கூட வேண்டாம்."

"கோடு எத்தன வேணாலும் போடலாமா சார்?"

அவர் சர்க்குலரைப் பார்த்தார். எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. "போடலாம்" என்றார்.

அவள் போட்டாள். கார்த்திகை, மார்கழி, தை என்று மாதம் போய்க்கொண்டே இருந்தது. தினம் சிலேட்டு நிறைய நிற்கும் கோடு. சாயங்காலம் எச்சில் தொட்டு அழித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அர்த்தநாரி அந்தச் சிலேட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஆடி மாதம் பங்கஜாட்சன் மறுபடி வந்தார். நான்கு நாளாக விடாத மழை. கூடத்துக்குள் ஓட்டின் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. அவர் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்து, சுவருக்கே வணக்கம் சொல்லி, சிலேட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார்.

"அழகுத்தாய், ஆறு" என்று படித்துச் சிலேட்டை வெளிச்சத்துக்குத் தூக்கினார். அப்போதுதான் அர்த்தநாரியும் பார்த்தார்.

நிற்கும் கோடுகள்தான். வேறு எதுவும் இல்லை. மேலே மெல்லியதாக ஆரம்பித்து, கீழே வர வர அழுத்தமாகி, சில இடத்தில் நெருங்கி, சில இடத்தில் விலகி இறங்கின. நெருங்கின இடம் எட்டாம் நம்பர் மலையின் சரிவாக இருந்தது. விலகின இடம் அதன் பாதையாக இருந்தது. வெளியே பெய்த மழை சிலேட்டிலும் பெய்தது. நடுவில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் கோடே இல்லை. குனிந்த முதுகு, முதுகில் கூடை, அதன் அளவுக்கு ஒரு கறுப்பு.

அர்த்தநாரி சிலேட்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். நான்கைந்து வருடத்தில் எந்தப் படத்தையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

பரிசோதகர் கோடுகளின்மேல் அடிக்கோலை வைத்து எண்ணிப் பார்த்தார். சாய்வு இருக்கிறதா என்று சோதித்தார். இல்லை. பிறகு அடிக்கோல் நடுவில் வந்து நின்றது.

"மத்தியில் காலி. எந்தா காரணம்?"

"சிலேட்டுல தேய்மானமுங்க" என்றார் அர்த்தநாரி. அவர் குரல் சாதாரணமாகவே இருந்தது. "அந்த எடத்துல குச்சி பிடிக்கிறதில்லீங்க. புதுசு கேட்டு மூணு தடவை எளுதிட்டேனுங்க."

"சிலேட்டுக் குறைபாடு" என்று பங்கஜாட்சன் எழுதிக்கொண்டார். "வயது ஆறு. மாற்றமில்லை." சிலேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை வாங்கினார்.

அவர் ஜீப் ஏறிப் போனதும் அர்த்தநாரி சந்தனத்தின் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அந்த எடத்துலயும் ஒரு பத்துக் கோடு போட்டு மூடிரு சாமி. எல்லா நாளும் நாம தப்பிச்சுக்க முடியாது."

அவள் சிலேட்டைப் பார்த்தாள். குச்சியை எடுத்தாள். திரும்பக் கீழே வைத்தாள்.

"அங்கன போட்டா எங்கம்மா நனஞ்சிருவா சார்."

அர்த்தநாரி நிமிர்ந்தார். பிறகு மேசைக்குப் போய்ச் சித்திரகலா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அன்றைய தேதிக்கு நேரே எழுதினார்: "அழகுத்தாய், வயது ஆறு. நிற்கும் கோடு இருநூற்றுப் பன்னிரண்டு. வேறொன்றும் காணப்படவில்லை."